ஆறு வார்த்தையும் ஓர் ஒப்பாரியும்

எனக்குக் கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துப் படித்துவிட்டுப் பிறகு யாரும் வருத்தப்பட வேண்டாம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நைட்டி தைத்து விற்கிறேன். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் வரும்.

என்னோடு மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் இருப்பவர் என்னைவிட மூத்தவர்; அவரை ஓவர்லாக் அக்கா என்போம். மடித்து உறையில் போடுகிறவள் பேக்கிங்காரி. கழுத்தில் ஜிப் வைக்கிறவள் ஜிப்காரி. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே எங்கள் கொட்டகையில் கிடையாது. என் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கத்திரி' என்கிறார்களாம். நான் துணி வெட்டுவதால்தான் அந்தப் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நைட்டி விற்பதற்கென்று போனில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். ஜிப்காரிதான் படம் எடுத்துப் போடுவாள். அவளுக்கு அந்தக் கண் உண்டு. சாதாரணப் பூப்போட்ட காட்டன் நைட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடுப்புப் பக்கம் ஒரு மடிப்புக் கொடுத்து எடுத்தாள் என்றால், தைத்த எனக்கே வாங்கலாம் போலத் தோன்றும். சுந்தரபாண்டியம், வ. புதுப்பட்டி என்று ஆரம்பித்து மலைக்கு அந்தப்பக்கம் கேரளா வரை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு என் வீட்டுக்காரரின் பைக் நம்பர். மறக்காது என்று வைத்தது. மறக்காதுதான். வாசலில் நிற்கிற பைக்கில் முன்னாலும் பின்னாலும் எழுதியிருக்கிறதே, தெருவில் போகிற எவனுக்கும் மறக்காது.

ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் எனக்கே திறக்கவில்லை. வீட்டுக்காரர் போனில் போய்ப் பார்த்தேன். என் நைட்டியெல்லாம் மாயம். ஒரு வெள்ளைக்காரி தொப்பையோடு நிற்கிறாள். அதே வெள்ளைக்காரி பக்கத்தில் தொப்பை இல்லாமல் நிற்கிறாள். நடுவில் ஒரு டப்பா. உடம்பு இளைக்கிற பவுடராம். கீழே என் வாடிக்கைக்காரிகள் எழுதியிருந்தார்கள். "மொதல்ல நீங்க சாப்பிட்டுக் காட்டுங்கக்கா" என்று ஒருத்தி. வ. புதுப்பட்டியிலிருந்து இன்னொருத்தி மெய்யாகவே இரண்டு டப்பா கேட்டிருந்தாள். இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பதுக்கி வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு நினைப்பு.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. போனைக் கையில் பிடித்தபடி கொட்டகைக்குள் போனேன்.

"ஏட்டி, ஒன்னத் தவிர இந்தப் போனை யாரு தொட்டா? எவன்கிட்ட நம்பரக் குடுத்த?"

ஜிப்காரி மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் இல்லக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் விடவில்லை. எல்லாருக்கும் சோறு போடுகிற பக்கத்தை விற்றுவிட்டாய் என்றேன், அப்பாவி மாதிரி முழிக்காதே என்றேன், இன்னும் என்னவெல்லாமோ. காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் வரை ஓயவில்லை. மில் வேன் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் அன்று அவளைக் கூட்டிப்போக வந்து கேட் பக்கம் நின்றார். அவர் காதிலும் விழட்டும் என்றே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகள்தான் எட்டு நாள் மல்லுக்கட்டிப் பக்கத்தை மீட்டுக் கொடுத்தாள். அப்போதுதான் திருடன் உள்ளே வந்த வழி தெரிந்தது. வழி என் வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததிலிருந்து அவருக்குப் போனில் வருகிற போட்டி ஒன்று விடாமல் கலந்துகொள்வது வேலை. எவனோ மிக்ஸி பரிசு என்று போட்டிருக்கிறான். இவர் என் போன் நம்பரையும், பாஸ்வேர்டாக அதே பைக் நம்பரையும் கொடுத்து அதில் சேர்ந்திருக்கிறார். அங்கிருந்துதான் போயிருக்கிறது.

"பட்டாளத்து ரகசியத்தையே இருவது வருசம் காப்பாத்துனவன் நான்" என்றார்.

"அங்க எவனும் மிக்ஸி தாரேன்னு கேக்கல, அதான்" என்றேன்.

அவரைத் திட்டுவதற்கு வாய் வந்தது. ஜிப்காரியிடம் போய், "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல மட்டும் வரவில்லை. ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தேன். வேறொரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது கால் கிலோ பால்கோவா வாங்கி வந்து அவள் மெஷின்மேல் வைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா! என் புத்தியை என்ன சொல்ல? அவள் அதைத் தொடவே இல்லை. சாயங்காலம் பேக்கிங்காரி எடுத்துத் தின்றாள்.

"இனி போட்டோ நீங்களே எடுங்கக்கா" என்று மட்டும் ஜிப்காரி சொன்னாள். எடுத்தேன். ஒரு படத்தில் நைட்டிக்குக் கீழே என் வீட்டுக்காரரின் கால் இரண்டும் தெரிந்தது. இன்னொன்றில் நைட்டி தலைகீழ். விற்பனை படுத்துவிட்டது.

மகள் புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிப் போனில் பாடம் எடுத்தாள். ஆறு வார்த்தை வேண்டுமாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்கக் கூடாதாம். எழுத்தையும் நம்பரையும் கலந்து கட்டினால் எனக்கு ஞாபகம் இருக்காது, ஆறு வார்த்தை என்றால் ஒரு கதையாகக் கோத்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"இது ஒரு வேலையா? இப்பவே சொல்லுதேன், எழுதிக்கோ" என்றேன்.

"நீங்களா யோசிச்சு எடுக்கக் கூடாதும்மா."

"ஏன், எனக்கு யோசிக்கத் தெரியாதா?"

"தெரியும். அதுதான் பிரச்சினையே. நீங்க என்ன யோசிப்பீங்கன்னு ஒங்களத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். பதினாறு தாள் அனுப்பினாள். தாளுக்குப் பதினாறு வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் எப்படி அடிப்பது என்றும் போட்டிருந்தது. வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தார். எதையாவது உருட்டி, விழுகிற வார்த்தையைத்தான் எடுக்க வேண்டுமாம். எதை உருட்டுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துணி வெட்டுகிற மேஜையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவது எங்கள் கொட்டகையில் வழக்கம். ஓவர்லாக் அக்காவிடம் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி உண்டு. கட்டைக்கு நாலு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. மகள் சொன்னபடி ஒரு கட்டையில் மட்டும் சிவப்பு நூல் சுற்றினோம், எது எது என்று தெரிவதற்காக. அப்படிப் பிரித்தால் பதினாறு விதமாக விழுமாம். முதல் உருட்டலில் விழுவது எந்தத் தாள் என்று சொல்லும். அடுத்த உருட்டல் அந்தத் தாளில் எந்த வரி என்று சொல்லும். இப்படி ஆறு தடவை.

மேஜையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்ததும் ஜிப்காரி எழுந்தாள். "நான் வெளிய நிக்கேன். முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று போய் வெயிலில் அந்தப் பைக் பக்கத்தில் நின்றுகொண்டாள். 'உள்ளே வா' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஓவர்லாக் அக்கா வீட்டில் தெலுங்கு. எங்களோடு பேசுவதெல்லாம் தமிழ், தாயத்தில் எண்ணுவது மட்டும் தெலுங்கு. கட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருட்டினார். "மூடு, ரெண்டு" என்றார், மூன்றும் இரண்டும். நான் தாளைத் தேடினேன்.

"செல்லாது" என்றார் அக்கா.

"ஏங்க்கா?"

"தாயம் விழலையே! தாயம் விழாம எப்படி உள்ள எறங்குறது?"

ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம். அது விழாமல் காயை இறக்க முடியாது. உலகத்துக்கே தெரிந்த சட்டம். பேக்கிங்காரி ஆமாம் என்றாள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நானும் ஆமாம் என்றேன். தாயம் விழும்வரை உருட்டினோம், அந்தத் தாயம் காட்டிய தாளில்தான் முதல் வார்த்தை எடுத்தோம். அப்புறம் ஐந்து விழுந்தால் இன்னொரு ஆட்டம் உண்டல்லவா? ஆறுக்கு உண்டு, பன்னிரண்டுக்கு உண்டு. இன்னொரு ஆட்டம் போட்டு, இரண்டில் எது நல்ல வார்த்தையோ அதை வைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் மல்லிகை, இளநீர், கோபுரம், வெள்ளி என்று ஆறும் மணமணக்கிற வார்த்தைகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எப்படிம்மா இம்புட்டு அழகா விழுந்துச்சு?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். கத்தினாள். என் மகளல்லவா, கத்தாமல் என்ன செய்வாள்?

"தாயத்துலதான் ஆரம்பம்னா, மொத வார்த்தை எந்தத் தாள்ல இருக்கும்னு தாயம் ஆடத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்ல?"

"ராஜபாளையத்துல தாயம் ஆடத் தெரியாதவ யாருடி?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்!"

மறுநாள் மத்தியானம் மறுபடி உட்கார்ந்தோம். ஜிப்காரி மறுபடி வெயிலுக்குப் போனாள். இந்தத் தடவை விழுந்ததை விழுந்தபடி எடுத்தோம். ஓணான். கப்பல். ஒப்பாரி. தாழ்ப்பாள். வக்கீல். வெள்ளரிக்காய்.

மூன்றாவது வார்த்தையிலேயே ஓவர்லாக் அக்கா கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "தொழில் நடக்குற எடத்துல ஒப்பாரியா? தெனமும் அதையா அடிச்சுக் கடை தெறப்பீக? நல்லா இருக்குடியம்மா!" என்றார். மகளைக் கேட்டோம். ஒன்றைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் அது விழுந்த வார்த்தை இல்லை, உங்கள் வார்த்தை என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சரி என்று விட்டோம். ஓவர்லாக் அக்கா அரை மணி நேரத்தில் கதை கட்டிவிட்டார். ஓணான் ஒன்று கப்பலேறி வந்ததாம். வழியெல்லாம் ஒப்பாரி வைத்ததாம். கரைக்கு வந்து தாழ்ப்பாளைத் தட்டியதாம். வக்கீல் கதவைத் திறந்து ஒரு வெள்ளரிக்காயைக் கையில் கொடுத்து அனுப்பினாராம். அந்த வக்கீல் நடை, தொண்டையைச் செருமுவது எல்லாம் அக்காவின் கொழுந்தனாரைப் பார்த்து எடுத்தது. பேக்கிங்காரி சிரித்துச் சிரித்து உறையையெல்லாம் கசக்கிவிட்டாள். அதற்குப் பிறகு மெஷினில் நூல் அறுந்தால் ஓணான், கரண்டு போனால் ஓணான். ரகசியமாவது ஒன்றாவது! ஜிப்காரி இரண்டு நாள் காதைப் பொத்திப் பார்த்தாள். எத்தனை நாள் பொத்துவாள், கையால் ஜிப் வைக்க வேண்டாமா?

ஆனால் நான் ஒரு காரியம் செய்தேன். அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து தனியாக உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தபோது, கை ஒப்பாரியில் போய் நின்றது. அடிக்க மனசு வரவில்லை. அந்தத் தாள்களைப் புரட்டி, அதற்குப் பதிலாக நல்லதாக ஒரு வார்த்தையை எடுத்துப் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை. நானாக ஆசைப்பட்டு எடுத்த வார்த்தை எனக்கு எப்படி மறக்கும்?

ஐந்து மாதம் எந்த வில்லங்கமும் இல்லை. போன் தானாகவே ஞாபகம் வைத்துக்கொண்டது, என்னைக் கேட்கவே இல்லை. ஆவணி பிறக்கிற நேரத்தில் புனலூரிலிருந்து ஒரு கடைக்காரம்மா பக்கத்தில் செய்தி அனுப்பினார். ஓணத்துக்கும் அதற்குப் பிறகுக்கும் சேர்த்துப் பெரிய ஆர்டர். தீபாவளி வரை மூன்று பேருக்கும் கையொழியாத வேலை. நான் எடுத்த படங்களால் விற்பனை படுத்ததில், அந்த ஆர்டர் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஒருத்தியை நிறுத்த வேண்டிய நிலைமை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் ஜிப்காரி. நிறுத்தினால் யாரை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

துணி ரகமெல்லாம் பேசி முடித்து, "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு எழுதுங்க, இல்லேன்னா வேற இடத்துக்குக் கொடுத்துருவேன்" என்று எழுதியிருந்தார். மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, துணி அலசுகிற வாளிக்குள் போனைப் போட்டது.

அதைத் துடைத்து, வெயிலில் காயவைத்துப் பார்த்து, மத்தியானத்துக்கு மேல்தான் வீட்டுக்காரர் ஓடிப்போய் வேறு போன் வாங்கி வந்தார். சிம்மைப் போட்டோம். பக்கத்தைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. கடைக்காரம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை. பேச்செல்லாம் அந்தப் பக்கத்துக்குள்தான். பாஸ்வேர்டு மறந்தால் வருகிற நம்பர் என் போனுக்கு வராது, மகள் போனுக்குத்தான் போகும். என்னிடம் வந்தால் கேட்கிறவனுக்கெல்லாம் சொல்லிவிடுவேன் என்று அவள் அப்படி ஏற்பாடு செய்திருந்தாள். அவள் ஆபீசிலோ போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனால் ஆறு மணிக்குத்தான் கையில் எடுப்பாள். மணி நாலு.

"எதுக்குப் பதறுதீக? ஓணான் கப்பலேறி..." என்று ஓவர்லாக் அக்கா ஆரம்பித்தார்.

வேறு வழியில்லை. ஒப்பாரியை மாற்றிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். என்ன வார்த்தை என்று கேட்டார்கள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. நல்ல வார்த்தை என்று மட்டும் ஞாபகம் இருந்தது.

"நல்லா மாத்துனீக போங்க! பொழப்பத்த வேலை!" என்றார் அக்கா. ஒப்பாரியை எதிர்த்து முதலில் கொடி பிடித்ததே அவர்தான். அதைச் சொல்லிச் சண்டை போட நேரமில்லை.

பதினாறு தாளையும் மேஜையில் பரப்பினோம். ஆளாளுக்கு ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தையாகப் பார்த்துக் கத்தினார்கள். லாபம் என்றாள் பேக்கிங்காரி. ஆமாம், லாபம்தான், வேறென்ன நினைத்திருப்பேன் என்று அடித்தேன். தவறு என்றது. மங்கலம் என்றார் அக்கா. மங்கலம்! இதுவேதான்! அடித்தேன். தவறு. இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் தவறினால் நாளை வரை திறக்காது என்று எழுதிக் காட்டியது. "பட்டாளத்துல பாஸ்வேர்டு தெரியலைன்னா கையத் தூக்கிட்டு நின்னுரணும்" என்றார் என் வீட்டுக்காரர். அவரை நான் பார்த்த பார்வையில் வீட்டுக்குள் போய்விட்டார். மணி நாலரை.

அப்போது ஜிப்காரியின் மெஷின் நின்றது. அவள் மட்டும் அதுவரை தைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணு தோணுதுக்கா" என்றாள். "ஆனா சொல்ல மாட்டேன்."

"ஏட்டி, சொல்லித் தொலையேன்!" என்றார் ஓவர்லாக் அக்கா.

"சொல்லி, அது சரியா இருந்துட்டா?"

"சரியா இருந்தா நல்லதுதானட்டி!"

"யாருக்கு நல்லது?" என்றாள். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியாதப்பவே அன்னைக்கு என்னத்தான் கேட்டீக. இப்ப ஆறு வார்த்தையும் தெரியும்னு நானே வந்து நின்னா? நாளப்பின்ன அந்தப் பக்கத்துல மறுபடி பவுடர் வித்தான்னா ஒங்க கண்ணு யாரப் பாக்கும்? வேல போனாப் போகுதுக்கா. வேற எடத்துல ஜிப் வைப்பேன். திருடின்னு பேரு வாங்கிட்டுப் போக மாட்டேன்."

எனக்குச் சுருசுருவென்று ஏறியது. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இப்போதா பஞ்சாயத்து என்று கேட்க வாயெடுத்தேன். அவள் ஊசிக்குப் பக்கத்தில் வைத்திருந்த கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதமாக நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பார்த்தால் சொல்ல வேண்டியிருக்கும் என்று பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"நான் அன்னைக்குக் கேட்டது தப்பு" என்றேன். "நீ இல்லைன்னு எட்டே நாள்ல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பொறவும் சொல்லாம இருந்தேன் பாரு, அது அதவிடத் தப்பு."

ஓவர்லாக் அக்கா குனிந்து, தரையில் கிடக்காத நூலை எடுத்தார்.

"இவிய முன்னால சொல்லிட்டீக. எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு கேட்டுல நின்னு கேட்டாரு" என்றாள் ஜிப்காரி.

மணியைப் பார்த்தேன். பார்த்தது தப்பு என்று உடனே தோன்றியது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் போனை வாங்கி, அவளிடம் அவள் வீட்டுக்காரர் நம்பரைக் கேட்டு அடித்தேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். மில் வேனின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவர் பேசினார். "தம்பி, அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரிய நான் சொன்னதெல்லாம் பொய். தப்பு எங்க வீட்டுல. அவ மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

"நான் அப்பவே நம்பலக்கா" என்றார். "ஆனா, நான் நம்பலங்கிறத அவதான் நம்பல. எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். இப்ப நீங்க சொன்னீகள்ல, போதும். வண்டியில இருக்கேன், வச்சுருதேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் வந்தால் மறைக்கத் தெரியாதவள் அழுகையை மட்டும் எங்கே மறைக்க? முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றேன். ஜிப்காரி அழவில்லை. எழுந்து வந்து ஐந்தாம் தாளை எடுத்து நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள். குலவை.

"கெட்ட காரியத்துல பொம்பளைக வாய் விட்டுச் செய்யறது ஒப்பாரி. நல்ல காரியத்துல செய்யறது குலவை. ஒண்ண எடுத்துட்டா அக்கா இன்னொண்ணத்தான் போடுவாக. வேற எங்கயும் போக மாட்டாக" என்றாள்.

கண்ணே தெரியவில்லை எனக்கு. பேக்கிங்காரிதான் தாளைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், நான் அடித்தேன். ஓணான், கப்பல், குலவை, தாழ்ப்பாள், வக்கீல், வெள்ளரிக்காய். பக்கம் திறந்தது. சம்மதம் என்று எழுதி அனுப்பும்போது மணி ஐந்துக்கு ஏழு நிமிஷம். ஓவர்லாக் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார் ஒன்று. பேக்கிங்காரி சேர்ந்துகொண்டாள். என்ன ஆயிற்றோ என்று என் வீட்டுக்காரர் கையில் தடியோடு ஓடி வந்தார்.

ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டு, தவறிய அழைப்புகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிட்டு, நடந்ததைக் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்த அக்கா ஒரே தடவையில கண்டுபிடிச்சாங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, "உடனே மாத்துங்க. இந்தத் தடவை விழுந்தத விழுந்தபடி வைங்க" என்றாள்.

மாற்றச் சொல்லி ஜிப்காரியும் பஸ்ஸுக்குப் புறப்படும்போதே சொல்லியிருந்தாள். "ஒனக்குத் தெரிஞ்சா என்னட்டி, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். "ஒங்களுக்கு இருக்கலாம்க்கா. எனக்கு வேண்டாம்" என்றாள். எல்லாரும் போன பிறகு நான் தனியாக மேஜைமுன் உட்கார்ந்து கட்டையை உருட்டினேன். தாயத்துக்குக் காத்திருக்கவில்லை. விழுந்த ஆறில் இரண்டு வார்த்தை வாயில் வைக்க முடியாது. அப்படியே அடித்து வைத்தேன். கதையும் நானே கட்டினேன். அது யாருக்கும் தெரியாது, ஓவர்லாக் அக்கா இன்னும் என்னைக் குடைந்துகொண்டுதான் இருக்கிறார்.

மறுநாள் காலையில் ஜிப்காரி வந்ததும் போனை அவளிடம் நீட்டினேன். புனலூர் ரகங்களை ஜன்னல் பக்கம் பிடித்து எடுத்தாள். படமெல்லாம் பழையபடி அவள்தான் இப்போது. பக்கம் சில சமயம் பாஸ்வேர்டு கேட்கும். கேட்டால் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் அடித்து முடிக்கிற வரை அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். திரும்ப வேண்டாம் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.